மாசி வரைக்கும் வைத்திருந்த கண்

வெயிலால் கண்ணுக்குச் சீக்கிரம் கிழடு தட்டுமா? இந்த ஒரு கேள்விக்காக ஒரு ஜீப்பும், ஒரு கண் டாக்டரும், பௌதிகம் படித்த ஒரு பெண்ணும், சென்னையில் ஓர் அறையை முழுக்க அடைத்துக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரும் மெனக்கெட்டுக்கொண்டிருந்த காலம் அது.

கேள்வி என்னவோ நல்ல கேள்விதான். கொடைக்கானல் மலையில் காற்று மெலிது. கீழே கன்னிவாடிக்கு வந்து சேர்வதற்குள் பாதி வழியில் மட்டுப்பட்டுவிடுகிற புற ஊதாக் கதிர், மேலே அவ்வளவாக மட்டுப்படாமல் வந்து விழும். மஞ்சு மூடியிருந்தாலும் விழும். குளிருகிறதே என்று நாம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்போம்; அது பாட்டுக்குக் கண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். உடம்பில் மற்ற இடமெல்லாம் பழசை உதிர்த்துவிட்டுப் புதுசு போட்டுக்கொள்ளும். கண்மணிக்குப் பின்னால் இருக்கிற லென்ஸ் மட்டும் எதையும் உதிர்ப்பதில்லை. பிறந்ததிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே போகும். ஆகவே மனிதருடைய வயதை அவர் வாய் சொல்வதைவிட அவர் லென்ஸ் ஒழுங்காகச் சொல்லும் என்பது டாக்டர் ஞானவேலின் கட்சி. மலைமேல் ஒரு கூட்டம், அடிவாரத்தில் ஒரு கூட்டம் என்று வயதானவர்களைச் சேர்த்து, இந்த மாசியில் ஒரு தடவை, அடுத்த மாசியில் ஒரு தடவை அவர்கள் கண்ணைப் படம் பிடித்து, யாருக்குப் புரை வேகமாக வளர்கிறது என்று பார்ப்பது அவருடைய திட்டம்.

அதில் ஒரே ஒரு சிக்கல். நடுவில் யாராவது புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்டால் லென்ஸை எடுத்துவிடுவார்கள். லென்ஸ் இல்லாவிட்டால் இரண்டாவது படம் இல்லை. இரண்டாவது படம் இல்லாத ஆள் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

படம் பிடித்தவள் சண்முகவள்ளி. பழனிக்காரி. மலையடிவாரத்தில் அவள் அப்பாவுக்கு விபூதியும் பஞ்சாமிர்தமும் விற்கிற கடை. எம்.எஸ்ஸி. முடித்த பிறகு, கல்யாணம் கல்யாணம் என்று வீட்டில் பிடுங்கிய பிடுங்கலுக்குப் பயந்துதான் இந்த வேலைக்கு மலையேறினாள் என்று சொல்லுவார்கள். அது பாதி உண்மை. மீதி, அவளுக்கு நிஜமாகவே வெளிச்சம் என்றால் பைத்தியம். கூரைமேல் பெட்டியை வைத்து வெயிலை அளப்பது அவள் வேலையாக இருந்தது. கண்ணுக்குள் கீற்றாக வெளிச்சம் பாய்ச்சிப் படம் எடுப்பதையும் டாக்டர் அவளுக்கே பழக்கிவிட்டார். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் சனங்கள் அவளை டாக்டரம்மா என்றார்கள். ஆரம்பத்தில் நாலைந்து தடவை, "நான் டாக்டர் இல்லைங்க," என்றாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள். கேட்கச் சுகமாகத்தானே இருக்கிறது! ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தால் பட்டம் வாங்கி அவளும் ஒரு விதத்தில் டாக்டர்தான். அதைக் கொஞ்சம் முன்கூட்டியே அனுபவித்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

மாரியாயியை அவள் முதலில் பார்த்தது எண்பத்தொன்று மாசியில். கூக்காலுக்கு மேலே ஒரு பேரிக்காய்த் தோட்டம், அதில் வேலை செய்கிறவர்களுக்கு ஒட்டுச் சுவரோடு வரிசையாகக் கட்டிய லயம். அங்கே இருந்தவர்கள் முக்கால்வாசி சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். மாரியாயிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மகன் வீரையாவும் மருமகள் லெட்சுமியும் தோட்டத்தில் வேலை. அவளும் கண் மங்கும் வரை களை வெட்டியவள்தான். இப்போது பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் மங்கவில்லை.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"எந்த ஊரன்னு சொல்ல? பொறந்தது நுவரெலியாப் பக்கம் தேயிலத் தோட்டத்துல. எழுவத்தி நாலுல கப்பலேத்தி விட்டாங்க. அங்கயும் குளிரு, இங்கயும் குளிரு. வெயிலுன்னு ஒண்ண நான் கண்டது கரையெறங்கி மண்டபம் கேம்புல கெடந்த மாசத்துலதான்."

சண்முகவள்ளிக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். ஆயுசு முழுக்க உசரத்திலேயே இருந்த ஆள்! இப்படி ஒருத்தரைத் தேடித்தான் மலையெல்லாம் ஜீப்பை உருட்டினார்கள். முகவாயைப் பலகையில் வைக்கச் சொல்லி விளக்கைப் போட்டாள். வலது கண் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

"அது எப்பவோ போயிருச்சு. தேயிலச் செடியக் கவ்வாத்து வெட்டையில குச்சி திரும்பி அடிச்சுது. அப்ப எனக்குப் புள்ளகூடப் பொறக்கல."

இடது கண்ணில் புரை பாதி தூரம் வந்திருந்தது. ஆள் அசைவது தெரியும், அடுப்பு தெரியும், பேத்தியின் முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். கீற்று வெளிச்சத்தில் லென்ஸ் அடுக்கடுக்காக அத்தனை தெளிவாக விழுந்தது. பிறகு அந்தப் படத்தைக் கையில் வாங்கிய ஞானவேல், "தங்கமான கேஸ்," என்றார்.

எல்லா இடத்திலும் கடைசியாகச் சொல்லுகிற வாக்கியத்தை அங்கேயும் சொன்னாள். "அம்மா, அடுத்த மாசியில நாங்க திரும்பி வருவோம். அதுவரைக்கும் இந்தக் கண்ணை யார்கிட்டயும் ஆபரேஷன் பண்ணிக்கக் கூடாது. பண்ணிக்கிட்டா உங்க பேரை எடுத்துருவோம்."

கன்னிவாடியில் இதைக் கேட்ட ஒரு சம்சாரி, "எடுத்துட்டுப் போ தாயி," என்று துண்டை உதறிவிட்டுப் போயிருந்தார். மாரியாயி அப்படிப் போகவில்லை. அவள் கை பூண்டின்மேல் நின்றுவிட்டது.

"பேர வெட்டிருவீங்களா?"

"ஆமா, இந்த ஆராய்ச்சியிலேருந்து."

"வெட்டிராதீங்கம்மா. தோட்டத்துல காலைல ஆள் கணக்கு எடுக்கையில போயி நிக்கலேன்னா பேர வெட்டுவாங்க. அது அன்னைக்குச் சம்பளத்தோட போச்சு. இந்தியாவுக்குன்னு எழுதிக் குடுத்தப்ப எந்தங்கச்சி பேரு வெட்டுப்பட்டுப் போச்சு. ஏன்னு கேட்டா சொல்ல ஆளில்ல. நான் கப்பல்ல ஏறிட்டேன், அவ கரையில நிக்கிறா. இன்னைக்கு இருக்காளா இல்லையான்னுகூடத் தெரியாது. பேரு குடுத்தா, குடுத்த எடத்துல நிக்கணும். நான் நிப்பேன்."

இந்த இடத்தில் சண்முகவள்ளி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அது வேறு பேர், இது வேறு பேர் அம்மா, கண் ரொம்ப மோசமானால் எங்களைப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று. அந்த வார்த்தை அவள் வாய் வரைக்கும் வந்ததென்னவோ நிஜம். ஆனால் இவ்வளவு உறுதியாக நிற்கிற ஆள் கிடைத்தால் எந்த ஆராய்ச்சிக்காரர் கலைத்து விடுவார்? "சரிம்மா, மறந்துறாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, லெட்சுமி கொடுத்த பால் விடாத வரத்தேநீரைக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

அந்த வருஷம் மலைமேல் கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. ஒருத்தர் செத்துப்போனார். ஒரு குடும்பம் கேரளத்துக்கு ஏலக்காய் வேலைக்குப் போய்விட்டது. மன்னவனூர்க்காரர் ஒருவரை மகன் கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்து, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிட்டான். ஒரு கண்ணுக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி சென்னைக்கு அனுப்புவார்கள். இரண்டு படத்தில் ஒன்றின் விவரம் இல்லாவிட்டாலும் அந்த அட்டையைக் கம்ப்யூட்டர் துப்பிவிடும். "இனிமேல் மேல இருந்து ஒரு ஆள் குறைஞ்சாலும் நம்ம பதிலுக்கு மரியாதை கிடையாது, பாத்துக்கோம்மா," என்றார் ஞானவேல். கெட்டவர் இல்லை அவர். கணக்கு ஒத்துவர வேண்டுமே என்ற கவலை அவருக்கு. அந்தக் கவலையை அப்படியே இவள் தலையில் இறக்கி வைத்துவிட்டார்.

கார்த்திகை பிறந்த சமயம், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்காக அவள் நின்றுகொண்டிருந்தாள். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிற பொன்னுச்சாமி அவளைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, நல்ல வேளையாப் பாத்தேன். மாசக் கடைசி ஞாயித்துக்கெழம நம்மூருப் பள்ளிக்கூடத்துல கண் கேம்பு போடுறோம். மதுரையிலருந்து டாக்டருக வாறாக. ஆபரேசன், கண்ணாடி, சாப்பாடு எல்லாம் இனாம். கூக்கால் வரைக்கும் பஸ்ஸு அனுப்புறோம். ஆனா ஏறணுமே! நாங்க போயிக் கூப்புட்டா கண்ணப் புடுங்கிருவாகன்னு பயப்படுதுக. நீங்கதேன் லயம் லயமாப் போறீகளே, ஒரு எட்டு வெரசாப் போயி ஒரு வார்த்த சொன்னீகன்னா நம்பி ஏறுங்க."

"கட்டாயம் சொல்றேங்க," என்றாள்.

சொல்லவும் செய்தாள். பூம்பாறையில் சொன்னாள். மன்னவனூரில் சொன்னாள். அட்டையில் பேர் இல்லாத ஊரிலெல்லாம் நின்று நிதானமாக, பயப்படாதீங்க, நல்ல டாக்டருங்க என்று எடுத்துச் சொன்னாள். அட்டையில் பேர் இருக்கிற வாசலுக்கு மட்டும் போகவில்லை. மாரியாயிக்கு ஒற்றைக் கண்தான் என்பது அவளுக்கு மறந்தா போயிற்று? இன்னும் மூன்று மாசம்தானே என்று பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இத்தனை நாள் பொறுத்த புரை மூன்று மாசம் பொறுக்காதா? மாசியில் படம் எடுத்த அன்றைக்கே நானே ஜீப்பில் வைத்து மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், இனாம் கேம்பைவிட நல்ல ஆஸ்பத்திரியாகவே சேர்க்கிறேன் என்று தனக்குத்தானே வாக்குக் கொடுத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். பிற்பாடு அவளால் பொறுக்க முடியாமல் போனது அந்தத் தூக்கத்தைத்தான்.

எண்பத்திரண்டு மாசி. லயத்துக்கு முன்னால் ஜீப் நின்றதும் குழாயடியிலிருந்து லெட்சுமி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். எப்போதும் சிரித்துக்கொண்டு வருகிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"இப்பத்தான் வர வழி தெரிஞ்சுச்சாம்மா?"

உள்ளே மாரியாயி சுவரில் சாய்ந்து, கண்ணில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜீப் சத்தம் கேட்டதுமே துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். கண் ரத்தமாகச் சிவந்து, கருவிழி புகை படிந்த மாதிரி இருந்தது. தை பிறந்ததும் ஒரு நாள் வலி எடுத்ததாம். மண்டையைப் பிளக்கிற வலி. வாந்தி வேறு. தோட்டத்துக் கம்பவுண்டர் தலைவலி மாத்திரை கொடுத்தார். வீரையா திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போகிறேன் என்று கம்பளியை எடுத்து வைத்தும் அவள் நகரவில்லை. மாசி வரப்போகிறது, கண்ணு டாக்டரம்மாவே வீடு தேடி வரப்போறாங்க, இந்த நேரத்தில் வேறு யாராவது கத்தி வைத்துவிட்டால் என்ன ஆவது என்று சொல்லிவிட்டாளாம்.

சண்முகவள்ளி, என்ன செய்வதென்று தெரியாமல், எப்போதும் செய்கிறதைச் செய்தாள். முகவாயைப் பலகையில் வைக்கச் சொன்னாள். பாட்டரியை இணைத்தாள். விளக்கைப் போட்டாள். கீற்றைக் குறுக்கிப் பார்த்தாள், அகட்டிப் பார்த்தாள், முழு வெளிச்சத்தையும் திறந்துவிட்டாள். கண்ணுக்குள் எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் கருவிழியோடு நின்றுவிட்டது. மாரியாயி இமையைக்கூட அசைக்காமல், படத்துக்கு உட்காருகிற மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"லைட்டு போடலையாம்மா இன்னும்?" என்றாள்.

சண்முகவள்ளி விளக்கை அணைத்தாள்.

"நல்லாத்தான் வச்சிருந்தேம்மா," என்றாள் மாரியாயி, தப்பு செய்த பிள்ளை மாதிரி. "கார்த்திக வரைக்கும் ஒரு கொறையும் இல்ல. தையிலதான் கெட்டுப்போச்சு. நான் எதுவும் பண்ணல. பேர வெட்டிராதீங்க."

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற லெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "கார்த்திகயில பஸ்ஸு வந்து ரோட்டுல நின்னுச்சும்மா! நானும் எங்க வீட்டுக்காரரும் கையப் புடிச்சு இழுத்தோம். 'அந்தம்மாவுக்குச் சொல்லிருக்கேன், அவங்க வந்து போங்கன்னு சொன்னாத்தான் போவேன்'னு குத்துக்கல்லாட்டம் உக்காந்துட்டாங்க. அன்னைக்கு அந்தப் பஸ்ஸுல போன ஆளெல்லாம் கண்ணாடி போட்டுக்கிட்டு ஊசியில நூல் கோக்குறாங்க. உங்களுக்கு அந்தக் கேம்பு சேதியே தெரியாதாம்மா? ஒரு ஆள்கூடவா சொல்லல?"

"தெரியாது," என்றாள் சண்முகவள்ளி.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நெருப்பில் பட்ட கை தானாக இழுத்துக்கொள்வதுபோல வந்துவிட்டது. லெட்சுமி அதை நம்பினாள். நம்பி, "அவங்கள என்ன சொல்லி என்ன, எல்லாம் நம்ம நேரம்," என்று மூக்கைச் சிந்தினாள். அடித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கே ஜீப்பில் மதுரைக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரியில் பார்த்த வயசான டாக்டர் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. முற்றிய புரை உள்ளேயே கசிந்து, கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு செத்துவிட்டது. வலிக்கு வழி செய்யலாம், பார்வைக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். வலி எடுத்த அன்றைக்கே வந்திருந்தால்கூடக் கொஞ்சம் பார்த்திருக்கலாம், அதற்கு முன்பே புரையை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஞானவேல் ஆறுதல் சொன்னார். "ஒத்தைக் கண் இருக்கிற ஆளுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடுறது வழக்கம்தான். என்கிட்டக் கேட்டிருந்தா நானும் பொறுக்கத்தான் சொல்லியிருப்பேன். நீ ஏன் இப்படி உருகிப்போற?" அந்தப் பேச்சுக்காக அவள் ஏங்கிக்கொண்டு வந்திருந்தாள். கேட்டதும் அங்கே உட்கார முடியாமல் எழுந்துவிட்டாள். அவர் கேம்பைப் பற்றிக் கேட்கவில்லை; இவளும் சொல்லவில்லை. மாரியாயியின் அட்டையில் இரண்டாவது படத்துக்கான இடம் காலியாக இருந்ததால் கம்ப்யூட்டர் அதைத் துப்பிவிட்டது. எந்தக் கணக்குக்காக மாரியாயி அந்தக் கண்ணைக் காத்தாளோ அந்தக் கணக்கில் அது கடைசியில் சேரவே இல்லை. மேல் கூட்டம் இன்னும் மெலிந்துபோனதால் ஆராய்ச்சியை இன்னொரு மாசி வரைக்கும் நீட்டலாம் என்று ஞானவேல் முடிவு செய்தார். சண்முகவள்ளி பாக்கியிருந்தவர்களின் வாசல்களுக்குப் போய், படம் எடுத்து, "இன்னும் ஒரு மாசி வரைக்கும் பொறுத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள். எப்படிச் சொன்னாளென்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பழகிப்போன வாக்கியம், வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. மனசு முழுக்க மாரியாயிதான் இருந்தாள்.

அந்த ஒரு மாசம் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சோறு இறங்கவில்லை. பழனிக்குப் போனால் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. மலையேறிச் சாமி முன்னால் நின்றால், கண்ணை மூடிக் கும்பிடவே கூசியது. பஸ்ஸில் எந்தக் கிழவி கையைத் துழாவிக்கொண்டு ஏறினாலும் எழுந்து நின்று இடம் கொடுத்தாள். லெட்சுமி நம்பிய அந்தப் பொய் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. பங்குனியில் ஒரு நாள், இனிமேல் முடியாது என்று, ஜீப்பைக் கேட்காமல் தானே பஸ் பிடித்துக் கூக்காலில் இறங்கி, தோட்டத்துக்கு நடந்தாள்.

மாரியாயி வாசலில் வெயிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கண் போனாலும் அந்த வேலை நிற்கவில்லை. பக்கத்தில் லெட்சுமி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சண்முகவள்ளியின் குரலைக் கேட்டதும் மாரியாயி முகத்தைத் திருப்பி, உட்காரச் சொல்லி இடம் காட்டினாள். உட்காருகிற இடம் ஒரு பக்கம் இருந்தது. காட்டிய கை வேறு பக்கம் இருந்தது.

"அந்த வெயிலு சோலி என்னாச்சும்மா? முடிவு தெரிஞ்சிருச்சா? எங்க வெயிலா, கீழ அவங்க வெயிலா, எது கண்ணக் கெடுக்குதாம்?"

"அது இன்னும் தெரியலம்மா. ஆனா உங்க கண்ணைக் கெடுத்தது வெயில் இல்ல."

"பெறகு?"

"நான்தான்."

லெட்சுமியின் முறம் நின்றது. சண்முகவள்ளி மூச்சு விடாமல் சொல்லிவிட்டாள். கேம்ப் சேதி தெரியும் என்றாள். பொன்னுச்சாமி நேரிலேயே கேட்டுக்கொண்டார் என்றாள். ஒரு எட்டு வந்து போயிட்டு வாங்கம்மா என்று சொல்லியிருந்தால் போதும், அதை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, என் ஆராய்ச்சி கெட்டுப்போகுமென்று சொல்லவில்லை என்றாள். "லெட்சுமி கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னது பொய்."

"அடிப் பாவி!" லெட்சுமி முறத்தை அப்படியே வீசினாள். அரிசி வாசலெல்லாம் சிதறியது. "உன்ன நம்பித்தானடி உக்காந்திருந்தாங்க! மகராசி மாதிரி வந்து தேத்தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போனியே..."

"நீ சும்மா இருடி," என்றாள் மாரியாயி.

அவள் மடியில் இருந்த பூண்டை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். உரிக்கவில்லை. பேரிக்காய் மரங்களுக்குக் கீழே யாரோ மண்வெட்டி போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒத்தக் கண்ணும்மா," என்றாள். மறுபடியும், "ஒத்தக் கண்ணு."

சண்முகவள்ளி உடைந்துபோனாள். அந்த அம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாசமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டி அழுதாள். மன்னிச்சிருங்கம்மா, மன்னிச்சிருங்கம்மா என்று அதையே சொன்னாள். மாரியாயி தலையைத் தடவிக் கொடுக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டாள்.

"அழுகைய நிப்பாட்டுங்க. எனக்கு இனிமே காது மட்டும்தான் இருக்கு. அதையும் அடைக்காதீங்க."

அழுகை நின்றது.

"ஒண்ணு கேக்குறேன், அதுக்கு நெசத்தச் சொல்லுங்க. என்னய மாதிரி இன்னும் ஆருக்கு ஆருக்கெல்லாம் கண்ணத் தொடாதன்னு சொல்லி வச்சிருக்கீங்க?"

சண்முகவள்ளி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். கூக்கால் ஏரிக்கரையில் சின்னச்சாமி. கன்னிவாடியில் கந்தம்மாள், அவளுக்கு இரண்டு கண்ணும் முற்றிக்கொண்டு வருகிறது. பண்ணைக்காட்டில் ஒருத்தர். இன்னும் இருக்கிறார்கள். போன மாசம்தான் ஒவ்வொருவர் வாசலிலும் நின்று, இன்னும் ஒரு மாசி பொறுத்துக்கங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். மாரியாயியை மதுரையில் படுக்க வைத்துவிட்டு வந்த கையோடு சொன்னாள். ஒரு மாசமாகச் சோறு இறங்காமல் கிடந்தவளுக்கு அவர்களில் ஒருவர் நினைப்புக்கூட வரவில்லை. அவ்வளவு அழுகையும் தன் மனசு ஆறுவதற்காகவா? அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேல் வந்தது அருவருப்பு.

"இருக்காங்கம்மா," என்றாள்.

"இருக்காங்களா? அப்ப இங்க வந்து உக்காந்து என் காலப் புடிச்சு என்ன ஆகப்போகுது?" மாரியாயியின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "எனக்குப் போனது போனதுதான். உங்கள மன்னிக்கிறதா வேண்டாமான்னு நான் மெதுவா யோசிச்சுக்கிறேன், எனக்கு வேற என்ன வேல? நீங்க எந்திரிங்க. போங்க."

வாசலில் சிதறிக் கிடந்த அரிசியைத் தாண்டி, லெட்சுமியின் முகத்தைப் பார்க்காமல் சண்முகவள்ளி இறங்கினாள். மத்தியான பஸ் போய்விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. கூக்காலுக்கு அவள் நடந்தது நடையில்லை, ஓட்டம்தான். வழியில் ஞானவேலின் முகம் ஞாபகம் வந்தது. மேல் கூட்டத்தில் ஓர் ஆள்கூட மிஞ்சாமல் போனால் அவர் என்ன சொல்வார், பட்டம் என்ன ஆகும், பழனியில் என்ன பேசுவார்கள் என்றெல்லாம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று நடந்தாள்.

சின்னச்சாமி ஏரிக்கரைக்கு மேலே பூண்டுக் காட்டின் வரப்பில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார். வெள்ளைக் கோட்டு இல்லாததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"யாரு, டாக்டரம்மாவா! அதுக்குள்ள மாசி வந்துருச்சா தாயி?"

பதிலுக்குக் காத்திராமல், முகத்தை வெயில் பக்கம் தூக்கி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இமையை அகலமாகப் பிரித்துக் காட்டினார். உள்ளே முத்து மாதிரி வெள்ளையாக முற்றிக் கிடந்தது.

"பாத்துக்க. மருமவன் நாலு தடவ ஆசுபத்திரிக்கு வா வான்னு கூப்புட்டான், போவேனா? ஒனக்காகத்தேன் அப்படியே வச்சிருக்கேன்."

சண்முகவள்ளி அவர் கையைப் பிடித்து, கண்ணிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள்.

"வச்சிருந்தது போதும்ங்கய்யா," என்றாள். "எந்திரிங்க, பஸ் வந்துரும்."